இடது கன்னம்

மாசி 8, செவ்வாய்

வெயில் இப்போதே சுள்ளென்று. சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி வாசல் வரை. கூட்டிய சுவடே இல்லை.

மதியம் தம்பி துரை சோற்றுத் தட்டை என் முகத்தில் வீசினான். எவர்சில்வர். புருவத்துக்கு மேல் கிழிந்து இரத்தம். முப்பது வயது ஆள், பிறவியிலிருந்தே புத்தி வளர்ச்சி கம்மி. பேச்சு கிடையாது. 'க்கா' என்று மட்டும் கூப்பிடுவான், கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. தட்டை வீசிவிட்டு, தன் இடது கன்னத்திலேயே பளார் பளார் என்று அறைந்துகொண்டான்.

சத்தம் கேட்டு அடுத்த வீட்டிலிருந்து பெரியண்ணன். கையில் லாரியின் பழைய ஃபேன் பெல்ட். முதுகில் விளாசிவிட்டுக் கன்னத்தில் ஓர் அறை.

"அவனாவே ஏன் அறைஞ்சுக்கிறான் தெரியுமா? எங்கிட்ட பாத்துக் கத்துக்கிட்டான். அறை வாங்குனாத்தான் அடங்குவோம்னு அவனுக்கே தெரியுது."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அண்ணன் அறைவதும் அதே கன்னத்தில்தானே.

வாங்க: டெட்டால், பஞ்சு, லுங்கி (இருந்ததைக் கிழித்துவிட்டான்), பிளாஸ்டிக் தட்டு.

மாசி 10, வியாழன்

துரை அண்ணியைத் தள்ளிவிட்டான். துவைக்கிற கல்லில் விழுந்து முழங்கை பெயர்ந்தது. பெ.அண்ணன் பெல்ட் அறுந்துவிடுமோ என்கிற அளவுக்கு அடித்தார். நடுவில் போய் எனக்கும் இரண்டு.

அடித்து முடித்து மூச்சு வாங்கியபடி சொன்னார். "ஞாயித்துக்கிழமை வேன் வரும். அனுப்பிரலாம்."

"எங்க?"

"இந்த மாதிரி ஆளுங்கள வச்சுக்கிற எடம். சங்கிலியில கட்டித்தான் போடுவாங்க. அதுக்கென்ன பண்றது, சோறு போடுறாங்கல்ல."

"வேணாம்ண்ணே. நான் பாத்துக்கிறேன்."

"உன்னக் கொன்னுட்டுத்தான் விடுவான் புள்ள. ஒம் மூஞ்சியக் கண்ணாடில பாரு."

சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியது. அதற்காக மன்னித்துவிட முடியுமா? முடியாது. பாழாய்ப்போன பெல்ட்.

தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. ஆசாரியிடம் சொல்ல வேண்டும்.

மாசி 12, சனி

அரியலூர். துரை மாதிரிப் பிள்ளைகளுக்கான பள்ளியில் மாதக் கூட்டம். துரையை ஆட்டோவில் கூட்டிப்போனேன், வழியெல்லாம் கன்னத்தில் அறை. பக்கத்து அறையில் பிள்ளைகளை டீச்சர்கள் பார்த்துக்கொள்வார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற எங்களுக்கு இந்தப் பக்கம். டீ வருமுன் அவரவர் காயத்தைக் காட்டுவது எங்கள் வழக்கம். வெளியே காட்டினால் பரிதாபப்படுவார்கள், இங்கே சிரிப்பார்கள். ஜெயங்கொண்டத்து அக்காவின் முழங்கையில் மகளின் பல் தடம், புதுசு. என் புருவத்துக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சாப்புடுறப்பத்தான் வீசுறானா?"

"ஆமாங்க்கா."

"எந்தப் பக்கம் மெல்லுறான்?"

தெரியவில்லை. தினமும் ஊட்டுகிறவள் நான்.

"எம்மவ காதுல சீழ் புடிச்சப்ப, மண்டைய செவுத்துல மோதிக்கிட்டா. பேய்னு வேப்பிலை அடிச்சோம். வாயத் தொறந்து பாத்தியாம்மா நீ?"

டீச்சரும் நாங்கள் நாலு பேரும் பிடித்தோம். என் விரலைக் கடித்தான். கரண்டி, செல்போன் வெளிச்சம். இடது பக்கம் கீழே கடைவாய்ப்பல் கறுத்து, ஈறு உப்பி, சீழ். நாற்றம்.

அண்ணன் இத்தனை நாள் அறைந்ததெல்லாம் அதன் மேல்.

பல் டாக்டர் திங்கட்கிழமைதான். வேன் நாளைக்கே.

மாசி 13, ஞாயிறு

காலை. மேகமூட்டம். வேனில் இரண்டு பேர், கையில் நைலான் கயிறு.

அண்ணனிடம் பல்லைச் சொன்னேன். நேற்றும் சொன்னேன்.

"பல்லு வலிக்கு ஒருத்தன் அக்கா மண்டைய ஒடைப்பானா? தள்ளு."

வேன்காரர்கள் துரையின் கையை முறுக்கிப் பிடித்தார்கள். துரை தலையால் முட்டினான். ஒருத்தனுக்கு மூக்குடைந்து சட்டையெல்லாம் இரத்தம். பெ.அண்ணன் ஓடிவந்து விட்டார் ஓர் அறை. அதே கன்னம். துரையிடமிருந்து அப்படி ஒரு ஓலத்தை நான் கேட்டதில்லை, மாடு அறுபடுகிற மாதிரி.

பெல்ட் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாது. அண்ணன் முகத்தில் இழுத்தேன். திரும்பினார், மறுபடியும் இழுத்தேன். கை வலிக்கும் வரை.

"சொல்லுண்ணே. அடிச்சா அடங்குதா? சொல்லு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூக்குடைந்த ஆள், "ஒங்க குடும்பச் சண்டைக்கு நாங்க வரலீங்க" என்று கயிற்றைச் சுருட்டினான். வேன் போய்விட்டது.

அடித்தது நன்றாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

மாசி 14, திங்கள்

ஆஸ்பத்திரி. கிளம்பும்போது வீட்டு வாசலில் ஆட்டோவோடு பெ.அண்ணன் நின்றார். கன்னத்தில் பெல்ட் வரி வீங்கி, ஒரு கண் பாதி மூடி. ஏறிக்கொண்டோம். ஊசி போடும்போது துரையின் காலை அவர்தான் பிடித்தார். நெஞ்சில் உதை வாங்கினார், கையை ஓங்கவில்லை.

"எவ்வளவு நாளாம்மா இப்படி?" டாக்டர். பிடுங்கிய பல்லைப் பார்த்துவிட்டு அண்ணன் வெளியே போய் வாந்தி.

சாயங்காலம் மசித்த தயிர்ச்சோறு, புதுத் தட்டில். வீசவில்லை. ஒரு வாய், இன்னொரு வாய். "க்கா." எனக்கு அழுகை.

துரையின் உதட்டோரம் சோறு ஒட்டியிருந்தது. அண்ணன் துடைத்துவிடக் கையைக் கொண்டுபோனார். அந்தக் கை வந்து சேருமுன் துரை தானே தன் இடது கன்னத்தில் ஓங்கி அறைந்துகொண்டான்.

ஈறில் போட்ட தையல் விட்டு இரத்தம். பஞ்சு தீர்ந்துவிட்டது.