ஹனிபா நானாவின் தின்னரில் பிழை இல்லை

யார் வந்தாலும் முதலில் பிளேன்டீ சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்ன சாமான் வேணும்னு கேக்கிற என் ஹனிபா நானாவுக்கு, உங்க தம்பி மாரிமுத்து எழுதிக்கிறது.

சுகமான்னு கேட்டுத்தான் கடிதாசி தொடங்கிப் பழக்கம். நீங்க போய் ஒரு வருசம் ஆகுது, அங்கே சுகத்துக்கு என்ன குறை இருக்கப்போகுது? இங்கே பதுளையில ரெண்டு நாளா மழை விட்டிருக்கு. நான் எட்டாம் வகுப்போட நின்னவன், எழுத்தில பிழை இருந்தா சிரிச்சுட்டு விடுங்க. இதைவிடப் பெரிய பிழை ஒன்னு சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

நேராவே சொல்லிர்றேன். நம்ம ஏ ஃபோர்ட்டி காரோட சாயம் சுருங்கினதுக்கு நீங்க சாயத்தில கலக்கத் தந்த தின்னர் காரணம் இல்லை. நான்தான் காரணம். அது சுத்தமான சரக்கு. நீங்க அதைக் கலப்படம்னு கடைத்தெரு கேக்கச் சொல்லி, ஒரு டிரம்மையே சாக்கடைக் கானில ஊத்தினீங்களே, அப்ப டிரம்மோட மறுபக்கத்தைப் பிடிச்சிருந்தவனும் நான்தான்.

இதை மூடின கவர்ல போட்டு உங்க கபுறுக் குழிக்குப் பக்கத்தில வெச்சிட்டு வந்திருக்கலாம். ஆனா நீங்க ஊரறியச் சொன்னதை நான் ஊரறியத்தானே மாத்திச் சொல்லணும்? அதனால பக்கத்தில நின்னு காது குடுக்கிறவங்களுக்கும் விளங்கிற மாதிரி, உங்களுக்குத் தெரிஞ்ச கதையையும் முதல்ல இருந்து சொல்றேன். பொறுத்துக்கங்க.

பதுளைக் கடைத்தெருவில உங்களுக்கு ஆணி, பூட்டு, பெயின்ட் கடை. ஹாலிஎலைக்கு மேல இருக்கிற தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில எனக்கு ஃபிட்டர் வேலை. தோட்டத்தை அரசாங்கம் எடுத்த வருசம், ஊருக்குப் புறப்பட்ட வெள்ளைக்காரத் தொரை, கராஜ்ல கோழி அடைஞ்சு கெடந்த ஏ ஃபோர்ட்டியைக் காட்டி, "மாரிமுத்து, நீ வெச்சுக்க" ன்னார். அது பரிசா, இல்லை அவர் அள்ளிக் கொட்டவேண்டிய குப்பையை என் தலையில கட்டினாரான்னு என் சம்சாரம் இன்னைக்கும் கேக்குறா. ரெண்டு முட்டையும் இருந்துச்சு உள்ளே. அது மட்டும்தான் பழுதில்லாம இருந்த சாமான்.

ஒரு பூட்டு வாங்க வந்தப்ப இதை உங்ககிட்ட சொன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமையே சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு பஸ் ஏறி வந்துட்டீங்க. கதவடித் தகரம் ரெண்டும் அப்பளம் மாதிரி நொறுங்குது. தரை இருக்க வேண்டிய இடத்தில தரையைக் காணோம், புல்லுத்தான் தெரியுது. நீங்க காரைச் சுத்தி வந்துட்டு, "தம்பி, இது கார் இல்ல, காரோட மையத்து" ன்னீங்க, பொணத்தைப் பார்த்த மாதிரி. ஆனா மறு வாரமும் வந்தீங்க. அப்புறம் எட்டு மாசம், ஞாயித்துக்கிழமைன்னா என் வீட்டுப் பொடியங்களுக்கு உங்க கையால பேரீச்சம்பழம்.

தரையை நான் அடைச்ச லட்சணம் ஞாபகம் இருக்கா? இலை காயவைக்கிற டிரையர்ல இருந்து கழிச்சுப்போட்ட தேயிலைத் தட்டை வெட்டி வெச்சேன். நல்ல தடிச்ச தகரம், சும்மா கிடைச்சது. சூடான காத்து மேல வர்றதுக்காக அந்தத் தட்டு முழுக்கப் பொடிப்பொடியா ஓட்டைங்கிறது என் மூளைக்கு எட்டவே இல்லை. முதல் மழையில தண்ணி குளிக்கிற குழாய் மாதிரி கீழே இருந்து மேலே அடிச்சது. உங்க சாரம் முழங்கால் வரைக்கும் நனைஞ்சது.

"ஓட்டைய அடைக்கச் சென்னா, முன்னூறு ஓட்ட ஈக்கிற தகரத்தையாடா வெக்கிற?" ன்னு நீங்க கத்தினதில கொழுந்து நிறுக்க நின்ன பொம்பளைங்கல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

அதையும் பிரிச்சு, நல்ல தகரம் வெச்சு ஒட்டினோம். பள்ளத்தை மரக்கட்டை குடுத்துத் தட்டி எடுத்து, எடுக்க முடியாத இடத்தில பட்டி போட்டுத் தேய்ச்சோம். கையை வெச்சுத் தடவினா மேடு பள்ளம் தெரியாத அளவுக்கு வந்துச்சு. பிறகுதான் அந்தப் பிரைமர் சண்டை.

எனக்குத் தெரிஞ்ச அடிப்பூச்சு ஒன்னே ஒன்னு. ஃபெக்டரிக் கூரைக்கு வருசா வருசம் அடிக்கிற சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட், ரெட் ஒக்சைட். "இருவது வருசமா நம்ம கூரை துருப்பிடிச்சிருக்கா நானா?" ன்னு கேட்டேன்.

"கூர ஓடுதாடா? வளைவுல திரும்புதா? பொண்டுபுள்ளயள ஏத்திக்கிட்டு பண்டாரவளைக்குப் போவுதா?"

"துரு துருதானே நானா?"

"துருவுக்கு அது நல்லம். ஆனா மேல நாம அடிக்கப்போறது செலுலோஸ் சாயம். எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு மேல செலுலோஸ் நிக்காது. செலுலோஸ் பிரைமர்தான் அடியில ஈக்கணும். தல கீழா நின்டாலும் அதுதான் முற."

கப்பல் சாமான் வராத காலம் அது. உங்க சொந்த வேனுக்குன்னு பத்திரமா வெச்சிருந்த ரெண்டு கேலன் சாம்பல் பிரைமரை, உரச்சாக்கில சுத்தி என் கையில குடுத்தீங்க. "பழைய சாயத்தச் சுரண்டின அன்டைக்கே அடிக்கணும். வெறுந்தகரத்துல ஈரம் படப்படாது. ஞாயித்துக்கெழம நான் சாயம் அடிக்கிற கன்னோட வாறேன். அதுக்கு முதல் சுரண்டிப்போடாத, ஒன்ட அவசரத்துக்கு."

என் அவசரத்தை என்னைவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சிருந்தீங்க. நான் புதன்கிழமையே சுரண்டிட்டேன். வெள்ளித்தட்டு மாதிரி மின்னுது, நீங்க வந்து பார்த்து மூக்கில விரலை வைக்கணும்னு ஆசை. வியாழக்கிழமை ஐப்பசி மழை பிடிச்சது. வெள்ளிக்கிழமை விடிஞ்சு பார்த்தா, கார் முழுக்க மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி துரு.

நீங்க சொன்னதைக் கேக்கலைன்னு தெரிஞ்சா திட்டுவீங்க. திட்டு ஒன்னும் புதுசு இல்லை, தேயிலைத் தட்டுக்கு வாங்கினதைவிடவா? ஆனா அந்த நேரத்தில எனக்கு அது தோணலை. ஓடிப்போய் ஃபெக்டரி ஸ்டோர்ல இருந்து ரெட் ஒக்சைட்டை எடுத்து, துருவை அரைகுறையாத் தேய்ச்சுட்டு, கார் முழுக்க அடிச்சேன். அடிச்சு முடிச்சப்புறம்தான், இந்தச் சிவப்பைப் பார்த்தா நானா என்ன சொல்வாருன்னு அடுத்த பயம். இலை உருட்டுற ரோலர் மெஷினுக்கு அடிக்கிற சாம்பல் பெயின்ட் ஒரு டின் இருந்துச்சு. அதையும் மேல அடிச்சேன். பார்வைக்கு உங்க பிரைமர் கலரேதான். காயணுமேன்னு டிரையர் அடுப்புக்குப் பக்கத்தில காரைத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினேன். சனிக்கிழமை முழுக்க டீமேக்கர் தேயிலையை அள்ளி அள்ளி மோந்து பார்த்துக்கிட்டு, "என்னமோ வாடை அடிக்குதே மாரிமுத்து" ன்னு கேட்டுக்கிட்டே திரிஞ்சார்.

உங்க பிரைமர் டின் ரெண்டும் மூடி திறக்காம விறகுக்கொட்டில்ல போச்சு.

ஞாயித்துக்கிழமை நீங்க வந்து கையை வெச்சுத் தடவினீங்க. "பிரஷ்ஷால அடிச்சீக்கிறா?"

"மழை வந்திருச்சு நானா, காத்திருக்க முடியலை."

"நான் தந்த பிரைமர்தானே?"

"வேற என்ன நானா."

அந்த மூணு சொல்லுதான். தண்ணிப் பேப்பர் போட்டு ஒரு தேய் தேய்ப்போமான்னு கேட்டீங்க. நேத்தே தேய்ச்சுட்டேன்னேன். அந்தப் பொய்யில வார்த்தைக் கணக்கு நான் வெச்சுக்கலை.

ஃபெக்டரி இன்ஜினைக் கிளப்ப வெச்சிருந்த காத்துப் போத்தல்ல டியூபை மாட்டி, வால்வைக் கொஞ்சமா திறந்துவிட்டேன். நீங்க கன்னைப் பிடிச்சு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தது கண்ணுக்குள்ளேயே நிக்குது. கரும்பச்சை. தேயிலைக் கொழுந்து இல்லை, முத்தின இலையோட பச்சை. அடிச்சு முடிச்சு ரெண்டு பேரும் தள்ளி நின்னு பார்த்தோம். என் சம்சாரம்கூட, "பரவாயில்லையே, காரு மாதிரித்தான் இருக்கு" ன்னா.

அவ குடுத்த பிளேன்டீ பாதிகூடக் குடிக்கலை. முன்கதவில ஒரு இடம் சுருங்கிச்சு. பால் ஆடையை விரலால தள்ளினா ஒதுங்குமே, அப்படி. பிறகு மட்கார்ட், பிறகு பொனட். நம்ம கண்ணு முன்னாலேயே கார் முழுக்கச் சுருங்கி எழும்பிச்சு.

நீங்க தின்னர் டின்னை மோந்து பார்த்தீங்க. ரெண்டு சொட்டை விரல்ல விட்டுத் தேய்ச்சீங்க. "தம்பி, என்ட சாமான்ட பிழ. எவனோ கலந்து தந்தீக்கிறான்" ன்னீங்க. பெயின்ட்டைப் பத்தி எல்லாம் தெரிஞ்ச உங்களுக்கு என்மேல சந்தேகமே வரலையா நானா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "உண்மையாவே அது என்ட பிரைமரா?" ன்னு கேட்டிருந்தா உடைஞ்சிருப்பேன். நீங்க கேக்கலை. கேக்கிறது என்னை அவமானப்படுத்தறதுன்னு நெனச்சிருப்பீங்க.

மறுநாளே உங்க தின்னரை வாங்கின கராஜ்காரங்ககிட்ட எல்லாம் ஆள் அனுப்பி டின்னைத் திருப்பி எடுத்தீங்க. ஹாலிஎலை, பண்டாரவளை, வெலிமடை வரைக்கும். அப்புறம் அந்த டிரம். "பழுது சாமானை வித்த காசு என்ட புள்ளயள்ட வகுத்துல போவப்படாது" ன்னு சொல்லிட்டுச் சாய்ச்சீங்க. நான் பிடிச்சேன். வாய் வரைக்கும் வந்துச்சு, நானா. ஸ்டோர் பெயின்ட்டை எடுத்தது தெரிஞ்சா வேலை போகும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது பொய். வேலைக்கு நான் பயப்படலை. ஊரெல்லாம் என்னை முட்டாள்னு சிரிக்கும், நீங்க பொய்க்காரன்னு பார்ப்பீங்க. முட்டாள்னு சிரிக்கிறதுக்குப் பழகிட்டேன். மற்றதுக்குப் பழக்கமில்லை.

அந்த வாரத்தோட பெயின்ட் தட்டை மூடினீங்க. அதுக்கப்புறம் ஆணியும் பூட்டும்தான். கார் சுருங்கின தோலோடேயே ஓடிச்சு, தோட்டத்தில அதுக்குக் கருவாட்டுக் காருன்னு பேர். நீங்க ஏறும்போதெல்லாம் கதவைத் தொட்டுப் பார்த்துட்டு, "மன்னிச்சுக்க தம்பி" ம்பீங்க. எத்தனை வருசம்! நான் ஒவ்வொரு தடவையும், "அட விடுங்க நானா" ன்னு பெருந்தன்மையா சொன்னேன். எழுதும்போதே எனக்கு என் கன்னத்தில போட்டுக்கணும் போல இருக்கு.

இப்ப நடந்ததைக் கேளுங்க. போன மாசம் கதவடி மறுபடி துருப்பிடிச்சுதுன்னு சுரண்டத் தொடங்கினேன். என் மூத்தவ செல்வி வெலிமடைப் பள்ளிக்கூடத்தில சயன்ஸ் படிப்பிக்கிறா, லீவுல வந்திருந்தா. சுரண்டின இடத்தைக் குனிஞ்சு பார்த்துட்டு, "அப்பா, மேல பச்சை, அடியில சாம்பல், அதுக்கும் அடியில சிவப்பு. இது கூரைப் பெயின்ட்தானே?" ன்னா.

நான் உளியைத் தேடுற மாதிரி தேடினேன். கையிலதான் இருந்துச்சு.

"எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு மேல செலுலோஸ் அடிச்சா, அந்தத் தின்னர் அடியில இருக்கிறதை இளக்கித் தூக்கிரும்ப்பா. அதான் சுருங்கிருக்கு. ஹனிபா மாமாவோட தின்னர் நல்லாத்தான் இருந்திருக்கு." அப்புறம், "அவருக்குத் தெரியுமா?" ன்னு கேட்டா. நான் இல்லைன்னு தலையை ஆட்டினதைப் பார்த்துட்டு உள்ளே போயிட்டா. மறுநாள் ஒன்னுதான் சொன்னா: "நிஸாம் அண்ணன் கடையில திரும்பப் பெயின்ட் போட்டிருக்காரு. யாரும் வாங்கலையாம்."

உங்க மகன் நிஸாம்தான். புதுத் தட்டு, புது டின்னுங்க. கராஜ்காரங்க வந்து பார்த்துட்டு, "ஒங்க வாப்பாவே கானில ஊத்தின சாமான் தம்பி, நாங்க எப்படி நம்பி வாங்கிறது?" ன்னு கேலி பண்ணிட்டுப் போறாங்களாம். உங்க நேர்மையே பிள்ளைக்கு முன்னால வந்து நிக்குது. அதைக் கொண்டுவந்து நிறுத்தினவன் நான்.

கடைக்குப் போனேன். நிஸாம் உங்களை மாதிரியே பிளேன்டீ சொன்னான். அதைக் குடிச்சுட்டு, ஒரு எமரிப் பேப்பர் வாங்கிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். வீரன்! மறு வாரம் செல்வி கூடவே வந்து வாசல்ல நின்னுக்கிட்டா. அன்னைக்குத்தான் சொன்னேன். அவன் ரொம்ப நேரம் பூட்டுகளைத் துடைச்சுக்கிட்டிருந்தான்.

"வாப்பா உசுரோட ஈந்திருந்தா ஒங்கள அடிச்சிருப்பாரு மாமா."

"ஆமாப்பா."

"எனக்கு எதுக்கு செல்றீங்க? டின்னைத் திருப்பித் தந்தவங்களுக்குச் செல்லுங்க."

கோவமாச் சொல்லலை. அதுதான் நானா, தாங்கமுடியலை.

சொன்னா நம்புவாங்களா? "கூட்டாளிக்காகக் கெழவன் பழியை ஏத்துக்கிறான்" ம்பாங்க. அதனால முன்கதவை மட்டும் சுரண்டாம, கீலோட கழற்றினேன். ஒரு ஓரத்தில மட்டும் மூணு நிறமும் வரிசையா தெரியிற மாதிரி சரிவாத் தேய்ச்சேன். அதைத் தோள்ல தூக்கிக்கிட்டு முதல்ல ஸ்டேசன் ரோட்டு செபஸ்தியான் பாஸ் கராஜுக்குப் போனேன். அவர்தான் பெரிய கேலிக்காரர்.

"என்ன மாரிமுத்து, கார் எங்கே? கதவைத் திறந்துக்கிட்டே நடந்து வர்றியா?"

கதவைச் சாய்ச்சு வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். அவர் நகத்தால சிவப்பைக் கீறிப் பார்த்தார். சிரிப்பு நின்னுச்சு. "பாவம்யா அந்த மனுசன்" ன்னார். என்னைப் பார்த்து வேறயும் நாலு சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. பிறகு ஆளைக் கூப்பிட்டு, நிஸாம் கடையில ஒரு கேலன் தின்னர் வாங்கிவரச் சொன்னார்.

ஒரு கராஜ் ஆச்சு, நானா. நீங்க டின் திருப்பி எடுத்ததா என் ஞாபகத்தில இருக்கிறது இன்னும் ஏழு. கதவைச் சுமந்துதான் போறதுன்னு முடிவு, ஹாலிஎலையை நடந்தே முடிச்சிருவேன். பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பஸ்ல கதவை ஏத்தவிடுறானோ என்னவோ, அதுக்கும் டிக்கட் கேட்டாலும் கேப்பான். ஏழையும் முடிக்கிற வரைக்கும் இந்தக் கதவைக் காரில மாட்டமாட்டேன், அதுவரைக்கும் மற்ற வேலைக்கெல்லாம் கதவில்லாத காரிலதான் போவேன். மழை அடிச்சா அடிக்கட்டும். கேக்கிறவங்களுக்கு எல்லாம் ஏன்னு சொல்ல வசதியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க தாய் பெறாத தம்பி,
உங்ககிட்ட அடி வாங்கத் தவறிப்போன மாரிமுத்து.