அப்பாவின் கையும் அண்ணன் போட்ட இரண்டு படங்களும்

மத்திகிரி,
9.3.1986, ஞாயிறு

பம்பாய் மாநகரில் வாழும் ஓவியர் கங்கு என்கிற கங்கப்பன் அவர்களுக்கும், அவருடைய மைப்புட்டி, தூரிகை, தகர முகமூடி ஆகிய சகல பரிவாரங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியளவில் உன் தம்பி திம்மப்பனின் மேலுதட்டில் பதினோரு முடிகள் முளைத்திருப்பது கண்ணாடி முன் நின்று முறைப்படி எண்ணப்பட்டது. அம்மா சாட்சி. அம்மா ஒன்பதுதான் என்கிறாள், மீதி இரண்டும் கரியாம். விவகாரம் நிலுவையில் இருக்கிறது.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து “என்னாடா எழுதற இவ்ளோ நேரம், நான் இன்னும் வாயே தொறக்கலியே” என்கிறார். ஆமாம் அண்ணா, இது அப்பாவின் கடிதம். எழுதுவது மட்டும் நான். இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், நீ அங்கே சுகமா என்று முதலில் எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். ஆனால் கையெழுத்து மாறியிருப்பதைப் பார்த்தவுடனே ஏதோ நடந்திருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும், ஏனென்றால் இத்தனை வருஷத்தில் அப்பா உனக்கு எழுதும் கடிதத்தில் யாரையும் ஒரு புள்ளி வைக்கவும் விட்டதில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பிப்ரவரி பதினொன்றாம் தேதி இரண்டாவது ஷிப்டில் பிரஸ் மிஷினில் அப்பாவின் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. உயிருக்கு ஒன்றும் இல்லை. காய்ச்சல் வந்து விட்டுவிட்டது, தையல் பிரித்தாகிவிட்டது, இப்போது இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறார், களி உருண்டை உருட்டுவதுதான் தகராறு, அம்மா உருட்டிக் கொடுத்தால் கோபம் வருகிறது. உனக்கு உடனே தந்தி அடிக்க வேண்டாம் என்று சொன்னவர் அப்பாதான். “அவன் அங்க பாதி வயித்துக்குச் சாப்பிட்டுட்டு கெடப்பான், ரயிலுக்கு எங்க போவான்” என்றார். அம்மா அன்று முழுக்க அவரோடு தமிழில் பேசவே இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அம்மாவுக்குக் கோபம் வந்தால் தளியில் பிறந்தது ஞாபகம் வந்து கன்னடமாகக் கொட்டுவாள்.

அண்ணா, விரல் போனது ஒரு கஷ்டம். அதற்குமேல் இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அப்பா மீது கம்பெனி சார்ஜ் ஷீட் கொடுத்திருக்கிறது. மிஷினின் பாதுகாப்புப் பொத்தானில் வேண்டுமென்றே கோளாறு செய்தார், அதனால்தான் அடிபட்டது, ஆகவே ஏன் வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். உனக்கு விளக்க வேண்டியதில்லை, நீதான் அதைப் படமாகவே போட்டவன். இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே போகாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒரு பொத்தானில் மரச்சக்கை ஒன்றைச் செருகி வைத்துவிட்டால் அது எப்போதும் அமுங்கியே இருக்கும், ஒரு கையால் தகட்டை வைத்து மறு கையால் அடித்துக்கொண்டே போகலாம், மணிக்கு நூறு பீஸ் கூடுதலாக வரும். அங்கே இதைச் செய்யாத ஆள் ஒருத்தரும் கிடையாது. போன தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அப்பா எவர்சில்வர் தட்டைத் தகடாகவும் தீப்பெட்டியைச் சக்கையாகவும் வைத்துக்கொண்டு மிஷின் மாதிரியே சத்தம் போட்டு நடித்துக் காட்டினாரே, நாம் எல்லோரும் புரை ஏறச் சிரித்தோமே. அதை நீ உன் ‘மைக்கறை’ புத்தகத்தில் நான்கு பக்கக் கதையாக வரைந்து பொங்கலுக்கு அனுப்பினாய். இருநூறு பிரதிதான் அடிப்பேன், படிக்கிறவர்கள் அதிலும் பாதிப்பேர்தான் என்று நீயே சொல்வாய். பம்பாயில் நூறு பேர் படித்தார்களோ இல்லையோ, இங்கே படிக்கக்கூடாத ஒரே ஒருத்தர் படித்துவிட்டார்.

சென்ற வெள்ளிக்கிழமை விசாரணை. பெங்களூரிலிருந்து ஒரு வக்கீலை வரவழைத்திருந்தார்கள். அப்பா, நான் இரண்டு கையாலும்தான் அமுக்கினேன், மிஷின் தானாக இரண்டாவது அடி அடித்தது என்று சொல்லியிருக்கிறார். சக்கையா, நான் கண்ணாலும் பார்த்ததில்லை என்று சூப்பர்வைசர் அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் அப்பா பேச்சு அண்ணாதுரை பேச்சு என்று சமமாகத்தான் போயிருக்கிறது. அப்புறம் அந்த வக்கீல் உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாராம். உன் படம். அப்பாவின் மூக்கு, அப்பாவின் காக்கிச் சட்டை, சட்டையில் நீ வேலை மெனக்கெட்டு எழுதிய டோக்கன் நம்பர், கையில் சக்கை. அதோடு விடவில்லை. பிரஸ் ஷாப் சுவரிலிருந்து இன்னொரு படத்தைக் கழற்றிக்கொண்டு வரச்சொல்லிப் பக்கத்தில் வைத்தார்களாம். நீ எட்டாவது படிக்கும்போது பாதுகாப்பு வாரப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாயே, ‘இரண்டு கை, இரண்டு பொத்தான்’ என்று, அந்தப் படம். ஒன்பது வருஷமாக அப்பா நிற்கிற இடத்துக்கு நேர் எதிரேதான் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு வக்கீல், “உன் மகனே சொல்லிக் கொடுத்திருக்கான், உன் மகனே காட்டியும் கொடுத்திருக்கான், இன்னும் என்னப்பா சாட்சி வேணும்” என்று கேட்டாராம். இதை எனக்குச் சொன்னது யூனியன் ஆஞ்சப்பன்.

அப்பா சொல்கிறார், அப்படியே எழுதச் சொல்கிறார்: “உன்ன வரையாதன்னு நான் எப்பவாச்சும் சொன்னனா?” சொன்னதில்லைதான் அண்ணா. லாரி பாடி கட்டும் ஷெட்டில் நீ பின்பலகைக்குப் பூவும் மயிலும் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒருநாள் மயிலுக்குப் பதிலாகத் தூங்கி வழிகிற டிரைவரை வரைந்து ஓனரிடம் அறை வாங்கி வந்தாய், அன்றைக்கும் அப்பா திட்டவில்லை, அந்த லாரி சேலம் ரோட்டில் போகும்போது என்னைத் தூக்கிக் காட்டினார். நீ தெரு நாடகக்காரர்களோடு பம்பாய்க்கு ஓடிப்போனபோது அம்மாதான் அழுதாள், அப்பா கல்லாவி அத்தைக்கு ‘பையன் மேல்படிப்புக்குப் போயிருக்கிறான்’ என்று எழுதினார். வாரப் பத்திரிகையில் வேலை கிடைத்து, மாமியார் மருமகள் ஜோக்குக்குப் படம் போட மாட்டேன் என்று மூன்றே மாதத்தில் விட்டாய், அதையும் பொறுத்துக்கொண்டார். உன் பையன் என்னதான் செய்கிறான் என்று யாராவது கேட்டால் இங்கே ஒருத்தருக்கும் பதில் தெரியாது. பகலில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறான், சாயங்காலம் எண்ணெய் டின்னை வெட்டி முகமூடி செய்து நாடகம் போடுகிறான், மீதி நேரத்தில் யாரும் வாங்காத புத்தகம் போடுகிறான் என்றால் யாருக்குப் புரியும்? அம்மா ‘டிராயிங் மாஸ்டர்’ என்று சொல்லிவிடுகிறாள். நான் ‘கலைஞன், அதாவது கலைந்தவன்’ என்று சொல்லிக் குட்டு வாங்குகிறேன். அப்பா மட்டும்தான் ‘படம் போடறான்’ என்று உள்ளதைச் சொல்வார், சொல்லும்போது நிமிர்ந்துகொள்வார். அதே அப்பா இப்போது சொல்கிறார், “இனிமே என்ன வரைய வேணாம்னு எழுது. என்னயும் உங்கம்மாவயும் இந்த வீட்டயும் வரைய வேணாம். ஊர்ல வேற ஆளே இல்லயா?” இதை எழுதும்போது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஆஞ்சப்பன் சொன்ன யோசனை இது. அடுத்த விசாரணை இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை. அதற்குள் நீ ஒரு கடிதம் எழுதி அனுப்ப வேண்டும், அந்தப் படம் முழுக்க என் கற்பனை, என் தகப்பனார் அப்படிச் செய்து நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை, சிரிப்புக்காகப் பொய்யாக வரைந்தேன் என்று கையெழுத்துப் போட்டு. உன் படத்தில் ஒரு கோடுகூடப் பொய்க்காகப் போட்டதில்லை என்று நீ பெருமை அடிப்பது எங்களுக்குத் தெரியும். அம்மா சொல்கிறாள், “அவனுக்கு அந்தப் பெரும பெருசா, அப்பன் வேல பெருசா, கேட்டு எழுது.” கேட்டுவிட்டேன். வேலை போனால் கம்பெனி கொடுத்த இந்த லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும், இரண்டு விரல் இல்லாத ஆளை இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனியும் கேட்டுக்குள் விடாது.

இன்னொரு விஷயம், இதில் உன் தம்பியின் மூளையை நீ மெச்சிக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் கம்பெனிக்கு எப்படிப் போயிற்று என்று அப்பாவும் ஆஞ்சப்பனும் மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தபோது துப்புத் துலக்கியது அடியேன்தான். நமக்கு வந்தது ஒரே பிரதி. அப்பா அதில் தன் மூக்கை எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறாய் என்று பார்த்த மாத்திரத்தில் கோபித்துக்கொண்டு மூடி வைத்தவர், பிறகு திறக்கவே இல்லை. வீட்டைவிட்டு அதை எடுத்துப் போனவர் ஒரே ஒருத்தர், அடுத்த லைனில் இருக்கும் தஸ்தகீர் மாமா. படிச்சிட்டுத் தரேன் என்று வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததா என்றால் வரவில்லை. இரண்டும் இரண்டும் நான்கு என்று நான் சொன்னேன், இரண்டு பேரும் அசந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அன்று அப்பாவின் கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு, டெம்போவை மறித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர் அவர்தான். அப்பா இப்போது அவரோடு பேசுவதில்லை. அஸ்மத் மாமி கொடுத்தனுப்பிய சேமியாவைத் திருப்பி அனுப்பிவிட்டார். மாமா நம் வாசலில் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே போகிறார்.

அப்பா போதும் என்கிறார். உடம்பைப் பார்த்துக்கொள், மையோடு இருக்கும் கையால் சாப்பிடாதே, மழைக்காலத்துக்குள் அந்த ஒழுகுகிற அறையை மாற்று, மாரியம்மன் துணை இருப்பாள், எங்கே இருந்தாலும் கை கால் சுகத்தோடு நன்றாக இரு. இருபத்து நான்காம் தேதியை மறக்காதே, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு, உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அப்பா
செ ன் ன ப் ப ன்

(இது அப்பாவே இடது கையால் போட்டது.)

அண்ணா, அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தபால் பெட்டிக்கு நான்தான் எடுத்துப் போகிறேன், அதனால் இதை எழுதுகிறேன். தஸ்தகீர் மாமா புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். என் கையில்தான் கொடுத்தார். கம்பெனி சைக்கிள் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் பசங்கள், உங்கண்ணன் பம்பாயில் கக்கூஸ் சுவருக்கு வெள்ளை அடிக்கிறானாமே என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா வரும் பக்கத்தைக் கிழித்துக் கோதுமைப் பசை தடவி ஸ்டாண்டுச் சுவரில் நானே ஒட்டினேன், கீழே ‘என் அண்ணன் போட்டது’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன். இரண்டு நாள் கூட்டம் கூடிச் சிரித்தது, நான் ராஜா மாதிரி நின்றேன். மூன்றாம் நாள் காகிதத்தைக் காணோம், மழைக்குப் போயிற்று என்று நினைத்தேன், மழையே பெய்யவில்லை. அடுத்த வாரம் அப்பாவின் கை. மீதிப் புத்தகத்தைப் பயத்தில் அடுப்பில் போட்டுவிட்டேன்.

நான் ஒட்டிய தாளின் பின்பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். சூப்பர்வைசர் ஒரு கூடையில் சக்கைகளை வைத்துக்கொண்டு கோயில் பிரசாதம் மாதிரி வரிசையில் எல்லோருக்கும் கொடுப்பதாக அதில்தான் போட்டிருந்தாய். அதன் மேல்தான் நான் பசை தடவினேன். வக்கீல் மேஜையில் இருக்கும் தாளில் அந்தப் பக்கம் முழுக்கச் சுவர்ச் சுண்ணாம்பாம், ஆஞ்சப்பன் சொன்னார். அப்பா அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. வீட்டில் அதைப் படித்தவன் நான் ஒருத்தன்தான், தெரிந்தும் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கிழித்தது யார் என்று கேட்பார்களே.

அதனால் கற்பனை என்று எழுதாதே. முழுப் புத்தகமாக இரண்டு பிரதி அனுப்பு, சக்கை யார் கொடுத்தது என்று அப்பா தீபாவளிக்கு நடித்துக் காட்டியதை அப்படியே எழுதி அனுப்பு. அது போதுமா என்று எனக்குத் தெரியாது. நான் ஒட்டும்போது தஸ்தகீர் மாமா ஷிப்டு முடிந்து அந்த வழியாக வந்தார், பார்த்தார், “நல்லாத்தான் போட்டிருக்கான் உங்கண்ணன்” என்று சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை அவர் அப்பாவிடம் என் பெயரைச் சொல்லவில்லை. துப்புத் துலக்கினேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், அப்பா கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அடித்தல் திருத்தல் கூடாதாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நீயே எழுது அண்ணா, எனக்கு வாய் வரவில்லை.