நியூட்ரலில் மிதந்த வண்டி

மாஸ்பிராக்ட்
ஞாயிறு காலை

அன்பு மகள் லீஸ்பெத்துக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முந்தின நாள் முணுமுணுக்கும். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மருமகனும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவைப் பிடித்திருக்கிறேன். உறையின் மேல் புதுக் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே, அம்மாவுக்கு ஒன்றும் இல்லை, எப்போதும் எழுதும் அவளுக்குப் பதில் இந்தத் தடவை எழுதுவது நானேதான். நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பில் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. சரக்குப் படகிலேயே பிறந்து, எந்தப் பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு வாரம் உட்காராதவன், எழுபத்துமூன்று வயதில் மகளுக்குக் கடிதம் எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்கே இரண்டு காபி தீர்ந்துவிட்டது.

நம் சின்ன வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எக்ட் ஊரில் ஒரு விதவை அம்மாளிடம் வாங்கினோமே, அதுதான். உள்ளே பல்சக்கரக் கியர் கிடையாது, இரண்டு உருளைக்கு நடுவில் ஒரு பெல்ட் தானே இறுகித் தளர்ந்து வேகத்தைக் கூட்டும். எஞ்சின் ஒரே சத்தத்தில் இருக்கும், வண்டி மட்டும் மெல்ல மெல்ல வேகம் எடுக்கும். ஊரில் எல்லோருக்கும் அது சிரிப்பு. பட்டறைக்கார ஷெங் முதல் நாளே, இது வண்டி இல்ல கேப்டன், ரப்பர் பேண்டு என்றான். ஆனால் எனக்கு ஏறி உட்கார்ந்ததுமே பிடித்துவிட்டது, ஏனென்றால் நம் படகும் அப்படித்தானே போகும், எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டிருக்கும், படகு தன் நேரத்தில் வேகம் பிடிக்கும். ஆக்சிலரேட்டரை முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதித்தால் போதும், லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் கொடுத்தது. ஊரே வாரா வாரம் எல்லை தாண்டி பெல்ஜியத்தில் மலிவு பெட்ரோல் போட்டு வருகிறது, நான் மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும்.

இன்னும் மிச்சம் பிடிக்க நான் ஒரு வேலை செய்தேன். கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் மதகுக்கு முன்னால் நாங்கள் அவசரப்பட மாட்டோம், கதவு எப்போது திறக்கும் என்று கணக்குப் பண்ணி, தூரத்திலேயே எஞ்சினை விடுவித்துவிட்டு மிதந்து வந்து சேருவோம். அதையே சாலையிலும் செய்தேன். சிவப்பு விளக்கு தெரிந்ததும் லீவரை நியூட்ரலில் தள்ளுவேன், வண்டி சத்தமில்லாமல் மிதந்து போகும், விளக்கு பச்சையாகும்போது மறுபடி ஓட்டும் நிலைக்கு, டி-க்கு இழுப்பேன். இரண்டு வருடமாக இதைத்தான் செய்தேன், பெருமையாகவும் இருந்தது.

போன மாதம் வண்டி ஊளையிட ஆரம்பித்தது. ஷெங் ஓட்டிப் பார்த்துவிட்டு, பெல்ட் போச்சு கேப்டன், புது பெல்ட் பெட்டி போடுற காசுக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம், பேசாம உடைக்கப் போட்டுடுங்க என்று சொல்லிவிட்டான். புதன்கிழமை தோர்ன் ஊருக்குப் போய்ச் சித்தியோடு சீட்டாடி, ஆப்ரிகாட் பழம் வைத்துச் சுட்ட ஃப்ளாய் இரண்டு துண்டு சாப்பிட்டு வருவது ஒன்றுதான் அம்மாவுக்கு வாரத்தில் மிச்சம். சைக்கிள் அந்த முழங்காலுக்கு முடியாது, பஸ் என்றால் மாறி ஏற வேண்டும். இரண்டு புதன்கிழமை சன்னல் பக்கம் உட்கார்ந்து தனியாகச் சீட்டு அடுக்கினாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வண்டியின் டேஷ்போர்டு அறைக்குள் கிடந்த கையேட்டை எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். விரல் வைத்து வைத்து, மூன்று நாள். அதில் தெளிவாகப் போட்டிருக்கிறது, ஓடும்போது லீவரை நியூட்ரலுக்குத் தள்ளாதே, பெல்ட் பெட்டி கெடும் என்று. அதற்குக் கீழே இன்னொன்று, டி-யில் வைத்துக் காலை மட்டும் எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது தானாக நின்றுவிடுமாம், நியூட்ரலில்தான் குடித்துக்கொண்டே இருக்குமாம். இரண்டு வருடம் நான் மிச்சம் பிடித்த லட்சணம் அது. நாலு பக்கம் தள்ளி, பெல்ட் பெட்டியின் எண்ணெயை அறுபதாயிரம் கிலோமீட்டரில் மாற்றவேண்டும் என்று இருந்தது. நம் வண்டி தொண்ணூற்றிரண்டாயிரம் ஓடியிருக்கிறது, சர்வீஸ் புத்தகத்தில் அந்தக் கட்டம் காலி.

எண்ணெய் விஷயத்தை மட்டும் அம்மாவிடம் சொல்லி மற்றதை விழுங்கிவிடலாம் என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகவே வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அப்ப வண்டியக் கொன்னது நீதானா, நான் பாவம் அந்த ஷெங்க ரெண்டு வாரமா திட்டிட்டிருக்கேன் என்றாள். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, எங்கயும் தடுமாறாம வாசிச்சிட்டியே கிராடுஸ், இன்னொரு தடவ வாசி என்றாள். வாசித்தேன். எனக்குத் தண்டனையா பாராட்டா தெரியவில்லை.

மறுநாள் ஷெங்கிடம் போய் அந்தப் பக்கத்தில் விரல் வைத்துக் காட்டினேன். பொணத்துக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டச் சொல்றீங்க என்று முனகிக்கொண்டேதான் மாற்றினான். வெளியே வந்தது தார் மாதிரி கறுப்பு, தீய்ந்த வாடை. புதிதை ஊற்றிச் சுற்றி வந்தோம், பாலம் ஏறும்போது கொஞ்சம் ஊளை, இறங்கும்போது இல்லை. இன்னும் எத்தன நாளைக்குன்னு நான் கையெழுத்து போடமாட்டேன் கேப்டன், ஆனா இப்போதைக்கு உசுரு இருக்கு என்றான். அது போதும் எனக்கு. இப்போது டி-யிலேயே வைத்துக் காலை எடுக்கிறேன், லிட்டருக்கு இருபத்திரண்டு. உன் வண்டியின் கையேட்டையும் எடுத்து வாசி, படித்த பிள்ளைகள்தான் அதைத் திறப்பதே இல்லை. பனியில் மெதுவாகப் போ, மருமகனையும் மெதுவாகப் போகச் சொல்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், சாலையிலும் வீட்டிலும் சுகமாக இருக்க அப்பாவின் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. எண்ணெய் மாற்றின பிறகு முதல் புதன்கிழமை தோர்னுக்குக் கிளம்பியபோது அம்மா தன் கையை லீவரின் மேல் வைத்துக்கொண்டாள், உன்ன நம்ப முடியாது என்று. சிவப்பு விளக்கு தெரிந்ததும் பழக்கத்தில் என் கை போய் அவள் கை மேல்தான் விழுந்தது. அன்று முதல் எங்கே போனாலும் அவள் கை அங்கேதான். எனக்கு அந்தப் பழக்கம் விட்டு மூன்று வாரம் ஆகிறது. இருந்தாலும் சிவப்பு விளக்கு வந்தால் கையை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மாவோடு போனில் பேசும்போது இதை உளறிவிடாதே.

உன் அப்பா,
கிராடுஸ்