பின்விசிறிக்கு அடியில் ஒரு சாண் பனி

லேனா நதிக்கரை,
மார்ச் 21, 1979.

அன்புள்ள கவ்ரீல் அவர்களுக்கு அகுலினா எழுதுவது.

இங்கே நானும் மாடுகளும் சுகம். அங்கே நீங்களும் உங்கள் தங்கை வர்வாராவும் சுகம்தானே? சிவப்பி கன்று போட்டுவிட்டது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. வட்டமாக உறையவைத்த பால் இரண்டு, லாரிக்கார யெகோரிடம் கொடுத்தனுப்புகிறேன். தனியாகத் தின்றுவிடாதீர்கள், தங்கைக்கும் கொடுங்கள்.

ஒரு வாரம் வலை போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டிலிருந்த கம்பளிக் காலுறை அத்தனையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். ஒரு வாரத்துக்கு எதற்கு ஏழு ஜோடி என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். இன்றோடு ஐந்து வாரம்.

துறைச் செய்தி சொல்கிறேன். கப்பலைப் பழுதுபார்க்க ஆற்றுப் பனியில் நீங்கள் வெட்டி, தண்ணீர் புகுந்துபோன குழி மறுபடி உறைந்ததும், உங்கள் கையாள் சோஃப்ரோன் ஆட்களோடு முதலிலிருந்து வெட்டினான். தினம் நாலு விரல் வெட்டுவது, அடியில் குளிர் இறங்கி உறையும்வரை காத்திருப்பது, பிறகு மறுபடி வெட்டுவது. நல்ல குளிர் கிடைத்தது. கப்பலின் பின்விசிறியில் மூன்று இதழ்கள் வெளியே வந்துவிட்டன. உடைந்த நாலாவது மட்டும் இன்னும் பனிக்குள் இருக்கிறது. கடைசி அடுக்கு, ஒரு சாண்தான். அதற்குக் கீழே ஆறு. அதில் கடப்பாரை வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். கோபப்படுங்கள், ஆனால் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். உங்கள் காது விஷயத்தை சோஃப்ரோனிடம் சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டு நீங்கள் திரும்பிப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. குழிக்குள் தண்ணீர் வந்த அன்றைக்கு முன் மூன்று நாள் மேகம் போட்டுக் குளிர் விட்டிருந்தது. அடிப்பனி மெலிந்து, தட்டியபோது சத்தம் மாறித்தான் இருந்திருக்கும். உங்களுக்குக் கேட்கவில்லை. கேட்டதுபோல் தலையாட்டி, வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டீர்கள். தண்ணீர் பீறிட்டதும் குழிக்குள் இருந்த ஆறு பேரும் ஏணியில் ஏறித் தப்பினார்கள். ஏறாமல் போயிருந்தால் என்ற நினைப்பில்தான் நீங்கள் ஓடினீர்கள். அந்த நினைப்பு எனக்கும் வருகிறது, பயமாகத்தான் இருக்கிறது.

சோஃப்ரோன் கடைசிவரை கேட்டுக்கொண்டான். பிறகு சிரித்துவிட்டான். "இதுக்கா அண்ணி மனுஷன் ஓடிப்போனாரு? எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, கேட்டது என்னன்னுதான் புரியமாட்டேங்குது! நான் தட்டி, சத்தம் எப்படின்னு சொல்றேன். எத்தனை விரல் வெட்டலாம்னு அவர் சொல்லட்டும். ஆனா ஒண்ணு, இனிமே தெரியாததுக்குத் தலையாட்டக் கூடாது. இதை நான் சொன்னேன்னே எழுதுங்க" என்றான். எழுதிவிட்டேன்.

இப்போதே பகலில் கூரை சொட்டுகிறது. குழி இன்னும் மூன்று வாரம் நின்றால் அதிகம். உறைந்த ஆற்றின் மேல் லாரி ஓடும் பனிச்சாலையை ஏப்ரல் பத்தாம் தேதி மூடிவிடுவார்களாம். அதற்கப்புறம் ஆறு திறந்து படகு ஓடும்வரை நீங்கள் அங்கே, நான் இங்கே. இதழ் மாற்றாவிட்டால் கப்பலும் கரையிலேயே நிற்கும். வர்வாராவின் ஊருக்கு மாவும் நிலக்கரியும் அந்தக் கப்பலில்தான் வரவேண்டும். அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் ரொட்டியைத் தின்கிறவருக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

யெகோர் ஏப்ரல் ஐந்தாம் தேதி கடைசி நடை திரும்புகிறான். பக்கத்து இருக்கையைக் காலியாக வைத்திருப்பான். நீங்கள் நல்லபடியாக வந்து சேர, நம் வழக்கப்படி அடுப்பு நெருப்புக்கு வெண்ணெய் ஊட்டியிருக்கிறேன். காலுறை ஏழு ஜோடியும் திரும்பி வர வேண்டும்.

வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்காதே, உள்ளே போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிடு என்று யெகோரிடம் சொல்லியிருக்கிறேன். நானும் இனி அப்படித்தான் கூப்பிடுவேன்.

உங்கள்
அகுலினா