கார்டில் மிச்சமிருக்கும் பெயர்

ஆம்பூர்

அன்பு மகனுக்கு,

நீ மூன்று மாதமாகக் கேட்டபடி, ரேஷன் கார்டிலிருந்து உங்கள் நால்வர் பெயரையும் நீக்க இன்று விண்ணப்பித்துவிட்டேன். இனி ஓசூரில் புதுக் கார்டு வாங்கிக்கொள்.

இ-சேவை மையத்தில் நின்ற முதியவர்கள் எல்லாரும் அதற்காகவே வந்திருந்தார்கள். ஷூ கம்பெனி மூடியதிலிருந்து நம் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. "இன்னா டீச்சரம்மா, பையன் திரும்பி வந்துடுவான்னு சொல்லினு இருந்தீங்க, நீங்களுமா?" என்று எதிர்வீட்டுக் கோதண்டராமன் சிரித்தார்.

கணினி முன் இருந்தவள் என் பழைய மாணவி ஜெஸி. கார்டில் உன் அப்பாவின் பெயரைப் பார்த்துவிட்டு, "மிஸ், சார் தவறி நாலு வருஷமாச்சு. அவர் பேரையும் எடுத்துடவா?" என்றாள்.

"ஊரைவிட்டுப் போனவங்க பேரை மட்டும் எடும்மா" என்றேன்.

அம்மா