பாடாமல் விட்ட இந்திப் பாட்டு

தெருவில் ரோடு போடுகிறார்கள். காலையிலிருந்து தார் கொதிக்கிற வாசனை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜன்னலைச் சாத்த வந்தாள் மருமகள். வேண்டாம் என்றேன். எனக்கு அது உன் வாசனை, கூட்டாளி.

ஐம்பதுகளின் ஆரம்பம். அன்றும் காலை நேரம்தான். நம் சங்கரன்கோவில் ஸ்டேஷன் பலகையில் இருந்த இந்தி எழுத்தின்மேல் நீயும் உன் கட்சிக்காரர்களும் தார் பூசிவிட்டு வந்தீர்கள். உன் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே நீ பாடியது என்ன பாட்டு? இந்திப் பாட்டு! முந்தின வாரம் டூரிங் டாக்கீஸில் நாம் பார்த்த படத்தின் பாட்டு. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

"ஏலே, கையில தாரு, வாயில இந்தியா? உனக்கே இது அடுக்குமா?"

"எழுத்து டெல்லிக்காரன் நம்ம தலையில கட்டுனது லே. பாட்டு அப்படியா வந்துச்சு? நாமல்லா டிக்கெட் எடுத்துப் போயி கேட்டோம்" என்றாய்.

அந்தப் பாஷையில் ஒரு வார்த்தைக்கும் நம் இருவருக்கும் அர்த்தம் தெரியாது. கதாநாயகி அழுதால் நாமும் அழுதோம். அவள் எதற்கு அழுதாள் என்று வீடு வந்து சேரும்வரை சண்டை போட்டோம். ஆனால் மெட்டு உனக்கு ஒரே தடவையில் ஒட்டிக்கொள்ளும். பஞ்சர் ஒட்டியபடி நீ பாட ஆரம்பித்தால், வாடகைக்குச் சைக்கிள் எடுக்க வந்தவர்கள் எடுக்காமல் நிற்பார்கள். சிரிப்பும் பேச்சுமாக இருந்தாலும் நீ உயிரை வைத்திருந்தது அந்தப் பாட்டில்தான். அது எனக்குத் தெரியும்.

அந்த வாரமே தேரடியில் உங்கள் கட்சிக் கூட்டம். நீ பேச ஏறியதும் கீழே ஒருவன் கத்தினான்: "பலகைக்குத் தாரு, படத்துக்கு மொத ஆளா? நீரு பாடுதது எந்த ஊருப் பாட்டு வே?" கூட்டம் முழுக்கச் சிரிப்பு. உன் முகம் செத்துப்போயிற்று. என்னிடம் சொன்ன பதிலை அங்கேயும் சொல்லியிருக்கலாம். உனக்கு ரோஷம். "இனிமே அந்தப் படமும் பாக்கமாட்டேன், அந்தப் பாட்டும் என் வாயில வராது. இது சத்தியம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாய்.

மறுநாள் கடைக்கு வந்து எவ்வளவு கெஞ்சினேன்! "ஊரே கேட்டுச்சுல்லா. சொன்னது சொன்னதுதான்" என்று முடித்துவிட்டாய். கத்தினானே, அவன் அடுத்த இந்திப் படத்துக்கு வரிசையில் எனக்கு முன்னால் நின்றான்.

பிறகு தமிழ்ப் படங்களிலேயே அந்த மெட்டுகள் வர ஆரம்பித்தன. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியிலெல்லாம் அவைதான். உன் கட்சிக்காரர்களும் பாடினார்கள். நான் சந்தோஷமாக ஓடிவந்தேன்.

"ஏலே, இது தமிழ்ப் பாட்டு. சத்தியத்துக்கு ஒரு கொறையும் வராது. பாடு."

நீ சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். "அவங்களுக்குத் தெரியாது, பாடுதாங்க. மெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியுமே லே."

அட கிறுக்கா! அந்தப் பாட்டுகளை உன்னைப்போல நேசித்தவன் இந்த ஊரில் கிடையாது. வேறு மெட்டு எதுவும் உன் வாயில் ஒட்டவில்லை; நேசித்ததாலேயே இரண்டு பாஷையிலும் உனக்குப் பாட்டு இல்லாமல் போயிற்று. எழுத்து விஷயத்தில் உன் பக்கம் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். பாட்டு உன்னை என்ன செய்தது? நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். உன் மனைவி காபியைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள்.

"அண்ணாச்சி, சின்ன வயசுல இவ்வோ நல்லாப் பாடுவாவன்னு சொல்லுதாவளே, நெசந்தானா?"

ஆயுசெல்லாம் உன்னோடு வாழ்ந்தவள். ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். பிள்ளைகளைத் தூங்கவைக்கக்கூட நீ முனகியதில்லையாம்.

"நெசந்தான் தங்கச்சி" என்றேன். அதோடு விட மனம் வரவில்லை. அன்று நீ பாடிய இந்திப் பாட்டில் இரண்டு வரியை எனக்கு வந்தமட்டும் பாடிக் காட்டினேன். மாலை போட்டிருந்த உன் படத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்படியா பாடுவாவ?"

"இல்ல தங்கச்சி, இப்படி இல்ல."

உன் குரல் என் காதில்தான் இருக்கிறது. அதை எடுத்து அவளிடம் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லையே.