கல்லுக்கு அந்தப் பக்கத்துக் கத்திரிக்காய்

அண்ணி,

போன ஞாயிற்றுக்கிழமை கத்திரிக்காய்க் காம்பின் முள் ஒன்று என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. சென்னையில் நான் இருக்கும் பகுதியில், பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் வாராவாரம் காய்கறிச் சந்தை போடுகிறார்கள். விவசாயிகளே நேராகக் கொண்டுவந்து விற்கிறார்கள் என்று பெயர். ஓரத்தில் ஒரு காபிக் கடையும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள், நானும் அந்தப் பாதியில்தான். அன்றைக்கு ஒரு கூடையில் பச்சை வரி ஓடிய முள் கத்திரிக்காயைப் பார்த்ததும் கையை விட்டு அளைந்தேன், குத்திவிட்டது. விற்கிற பெண், "முள்ளு கீதும்மா, பாத்து எடு" என்றாள். நீ பேசுகிற அதே "கீது"வைக் கேட்டதும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எந்தப் பக்கத்து ஊர் என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல், காபிகூடக் குடிக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாம் இரண்டு பேரும் திருப்பதி உழவர் சந்தைக்கு, அந்த ரைத்து பஜாருக்கு, போய்வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீ கண்ணை மூடியும் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு நாளைப் பற்றி உன்னிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இப்போது பேசுகிறேன். உன் நாத்தனாரின் வீரத்தைக் கேட்டுக்கொள்.

நம் நிலம் இரண்டு மாநிலத்தில் கிடந்தது. வீடும் மேட்டு நிலமும் விஜயபுரம் மண்டலம், ஆந்திரா. வரப்பில் நட்டிருந்த எல்லைக் கல்லைத் தாண்டினால் கிணற்றடித் துண்டு, அது தமிழ்நாடு. கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பாடுபடுகிற ஆளும் ஒன்று. அண்ணன் குவைத்துக்கு லாரி ஓட்டப் போனபின் இரண்டு பக்கத்தையும் நீதான் பார்த்தாய். மதியம் அந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது, "ஒரு காலு ஆந்திராவுல கீது, ஒரு காலு தமிழ்நாட்டுல கீது. நான் எந்த ஸ்டேட்டு பாப்பா?" என்று கேட்டுச் சிரிப்பாய். எனக்கும் உனக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். ஆனாலும் கடைசிவரை என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டாய்.

திருப்பதியில் விவசாயிகளே உட்கார்ந்து விற்கிற பஜார் வந்திருக்கிறது, அதற்கு அட்டை வேண்டும் என்று கேள்விப்பட்டதிலிருந்து நீ ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினாய். மேட்டு நிலத்தை அண்ணன் உன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போயிருந்ததால் அட்டை உன் பேருக்கே வந்தது. உன் போட்டோ, கீழே உன் பெயர், அதற்குக் கீழே உன் நிலத்தில் விளைகிற பயிர்கள்: தக்காளி, வெண்டை, கொத்தவரை. அதுவரை கமிஷன் மண்டியில் உன்னைக் குவைத்காரன் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டை வந்த அன்று அதை என் கையில் கொடுத்து, "என் பேரு எங்க கீது, படி" என்றாய். படித்தேன். "இன்னொருக்கா படி" என்றாய். பிறகு அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தாய்.

கத்திரிக்காய் அந்த அட்டையில் இல்லை. அது கிணற்றடியில் விளைந்தது, கல்லுக்கு அந்தப் பக்கம். அங்கே விளைவதை இங்கே கொண்டுவந்தால் வெளியில் வாங்கி விற்கிற வியாபாரி என்று எழுதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்று ஆபீசிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் நீ கத்திரியைத் திருத்தணிக்கு அனுப்பிவிடுவாய். பஜாருக்குப் போகிற மூட்டையில் ஒரு காய்கூடத் தவறி விழாமல் பார்த்துக்கொள்வாய். எனக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. "ஒரே தண்ணி, ஒரே ஆளு, எவன் அண்ணி கண்டுபிடிக்கப் போறான்?" என்று கேட்டேன். "அவங்க வேணாம்னு சொல்லிக்கீறாங்க, நாம்ப ஏன் வம்புக்குப் போவணும்" என்று முடித்துவிட்டாய்.

நான் அப்போது சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அமெரிக்காக்காரர்களுக்கு போனில் பதில் சொல்கிற வேலை. ஒரு வாரம் லீவில் ஊருக்கு வந்திருந்தேன். சொந்தமாக ஒரு செல்போன், இரண்டு ஜீன்ஸ், தலைக்கு மேலே ஒரு கொம்பு. கூட வேலை பார்த்த ஷீலா குடும்பத்தோடு திருப்பதிக்கு சாமி கும்பிட வந்திருந்தாள். எங்கள் தோட்டத்துக் கத்திரிக்காயை ஒருமுறை தின்றால் வேறெதையும் தொடமாட்டாய் என்று அவளிடம் ஆபீசில் அளந்து வைத்திருந்தேன். அவளை பஜாருக்கு வரச் சொல்லியிருந்தேன். கத்திரிக்காய் இல்லாமல் எப்படி?

முந்தின சாயங்காலம் நீ மாடு கறந்துகொண்டிருந்தபோது கிணற்றடிக்குப் போய் ஒரு கூடை பறித்தேன். வெண்டைக்காய் மூட்டையை அவிழ்த்து அடியில் கொட்டி, மேலே வெண்டையைப் பரப்பிக் கட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை.

முதல் பஸ்ஸில் போனோம். புத்தூர் வரை நின்றுகொண்டே வந்தாய். மூட்டையின்மேல் என்னை உட்காரவைத்து, "கம்பூட்டர் மகாராணிக்கு சிம்மாசனம்" என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்கும்படி சொன்னாய். எதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

பஜாரில் மூட்டையைக் கவிழ்த்தபோது வெண்டையோடு கத்திரியும் உருண்டது. நீ என்னைப் பார்த்தாய். நான் கண்ணடித்தேன். "அய்ய, இன்னா பாப்பா இது? எடுத்து உள்ள வெய்யி" என்று சாக்கை இழுத்தாய். அதற்குள் ஒரு அம்மாள் வந்து கத்திரிக்காயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். நானே தராசைப் பிடித்து, நல்ல தெலுங்கில் பேசி, நிறுத்துக் கொடுத்துவிட்டேன். அடுத்து இரண்டு பேர், அடுத்து நாலு பேர். "பாத்தியா?" என்று உன்னைக் கேட்டேன். நீ வெண்டையைக் கத்திரியின்மேல் இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தாய்.

ஷீலா வந்தாள். அவளிடம் பஜாரைக் காட்டுகிற சாக்கில் நான் எழுந்து நாலு கடை தள்ளிப் போனபோதுதான் பஜார் ஆபீசர் உன் முன்னால் வந்து நின்றார். குரல் கேட்டுத் திரும்பினேன். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "வங்காயலு நீ கார்டுலோ லேவு கதம்மா? எக்கடிவி?" என்றார். கத்திரி உன் அட்டையில் இல்லையே, எங்கேயிருந்து வந்தது என்று கேட்கிறார். "மாவே சார்" என்றாய். நம்முடையதுதான். உண்மையும் அதுதான். அந்த நிலம் ஆந்திராவா என்று அடுத்த கேள்வி. பொய் சொல்ல உனக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாய். இதை மூட்டையில் யார் போட்டது என்றார்.

அப்போது நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய், அண்ணி. காட்டிக்கொடுக்கிற பார்வையாக இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் இவ்வளவு உறுத்தியிருக்காது. நான் வந்து பேசுவேன் என்று நம்பிப் பார்த்தாய். வேலைக்குப் போகிறவள், ஜீன்ஸ் போட்டவள், தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்தவள். நான்தான் விதி தெரியாமல் போட்டேன் சார், அவங்களுக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷர் திட்டிவிட்டுப் போயிருப்பார். ஷீலா என் பக்கத்தில் நின்றிருந்தாள். "யாருடி அது, உங்க அண்ணியா? என்ன பிரச்சினை?" என்று கேட்டாள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதிரே இருந்த கடையில் கருவேப்பிலை என்ன விலை என்று கேட்டேன். நம் வீட்டுப் பின்னால் கருவேப்பிலை மரமே நிற்கிறது.

முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "நேனே பெட்டினா சார்." நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டாய். தப்பாகிவிட்டது சார், இனிமேல் கொண்டுவரமாட்டேன் சார் என்றும் இரண்டு முறை சொன்னாய். வியாபாரி, பேராசை என்றெல்லாம் அவர் சொன்னார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். நான் ஷீலாவிடம் தாழ்ந்த குரலில், "இவங்களுக்கெல்லாம் ரூல்ஸ் புரியாதுடி, எவ்வளவு சொன்னாலும்" என்றேன். தாழ்ந்த குரல் என்று நான்தான் நினைத்துக்கொண்டேன். சாக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு நீ என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாய்.

ஷீலா நல்ல பெண். உன் முகத்தைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள். அப்போது அங்கே புதிதாக வந்திருந்த கண்ணாடிக் கதவுக் காபிக் கடை. மிச்சக் கத்திரிக்காயைக் கட்டிய சாக்கு உன் இடுப்பில் இருந்தது. வாசலில் நின்ற ஆள் அதையே பார்த்தான். அவன் வாயைத் திறக்கவே இல்லை. நான்தான், "அண்ணி, அத வெளியிலயே வெச்சிட்டு வா" என்றேன். வைத்துவிட்டு வந்தாய்.

உள்ளே நீ கூனிக் குறுகி உட்காரவில்லை. ஷீலாவிடம், அவள் அம்மா ஏன் கூட வரவில்லை, முட்டிவலியா என்று விசாரித்தாய். காபியின்மேல் இருந்த நுரையைப் பார்த்து, "இது அடங்கறதுக்குள்ள பஸ்ஸு பூடும்மா" என்று அவளைச் சிரிக்கவைத்தாய். பஜாரில் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டபோது, "ஒன்னியும் இல்லம்மா. கார்டுல ஏதோ எழுதணுமாம், எடுத்துகினு போயிருக்காரு" என்றாய். நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷம் எனக்கு வந்ததை நிம்மதி என்றுதான் சொல்லவேண்டும். அதை எழுதவே கை கூசுகிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. "அண்ணி..." என்று ஆரம்பித்தேன். "உன் பிரண்டு மூக்குத்தி நல்லா கீது, எங்க வாங்குச்சாம்?" என்றாய். நகரி தாண்டியதும் நீயே சொன்னாய்: "உங்க அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ ஒன்னும் வாய தொறக்காத." சரி என்றேன். அவ்வளவு நல்ல பிள்ளையாக உன் பேச்சை நான் வேறெப்போதும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணனின் போன் வந்தது. பக்கத்து வீட்டுக் கூடத்தில் நின்று நீ பேசினாய், நானும் கூட இருந்தேன். அவன் கத்தியது எனக்கே கேட்டது. பேராசை புடிச்சவ, வந்த அட்டைய இப்பிடித் தொலைச்சிட்டியே என்று. நீ "ஆமா, ஆமா" என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். அட்டையைத் திரும்பக் கேட்டு இரண்டு முறை திருப்பதி போனாய். கிடைக்கவில்லை. மறுபடியும் கமிஷன் மண்டி, மறுபடியும் குவைத்காரன் பெண்டாட்டி. மூன்று வருஷம் கழித்துக் கிணற்றடியை விற்றபின், சத்தியவேடு பக்கம் வந்த கம்பெனிக்கு வேனில் வேலைக்குப் போக ஆரம்பித்தாய். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கவிட்டிருப்பாய். நான் ஊருக்கு வந்த ஒரு நாள் அதைத் தூக்கிக் காட்டி, "இதுலயும் என் பேரு கீது பாப்பா" என்றாய். நீ குத்திக் காட்டவில்லை, எனக்குத் தெரியும். நிஜமாகவே சந்தோஷமாகக் காட்டினாய். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மூன்று நாள் காய்ச்சலில் நீ போய்விட்டாய். காரியத்தன்று அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பேசி அழுதான். உழைப்பாளி என்றான், அவள் இல்லாவிட்டால் பாப்பா படித்திருக்கவே முடியாது என்றான். கூடவே, "கொஞ்சம் பேராசை அவளுக்கு. ரைத்து பஜாரு அட்டைய அதனாலதான் வுட்டா" என்றும் சொன்னான். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நீ இல்லை, ஷீலா இல்லை, ஆபீசர் இல்லை. என் வேலைக்கோ மரியாதைக்கோ ஒன்றும் வந்துவிடாது. அப்போதும் சொல்லவில்லை. அடுத்த வடையை எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் உன் மகள் கவிதா என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஏதோ கடனுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வருமானத்தைக் கொஞ்சம் கூட்டி எழுதேன் என்று நான் சொன்னதற்கு, "வேணாம் அத்த. அம்மா மாதிரி குறுக்கு வழியில போய் மாட்டிக்க நான் ரெடியா இல்ல" என்று சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன், அண்ணி. உன் மகளோடு சேர்ந்து உன்னைப் பார்த்துச் சிரித்தேன்.

இதை உனக்கு எழுதுவது எனக்குச் சுலபம். நீ படிக்கப் போவதில்லை. படித்தாலும், "வுடு பாப்பா, அத போயி" என்றுதான் சொல்வாய். இதைக் கேட்கவேண்டியவன் குவைத்திலிருந்து எப்போதோ திரும்பி வந்து, நீ கட்டிய வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவன் நம்பர் எனக்கு மனப்பாடம். இந்த வாரத்தில் இரண்டு முறை கூப்பிட்டேன். சாப்பிட்டியாண்ணா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.